வடமேற்கில் ஒரு வரைபடச் சூரியன்

சுவிட்சர்லாந்தின் மலை வரைபடங்களில் வெளிச்சம் பெரும்பாலும் இடப்பக்க மேல் மூலையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து விழும். அந்த நாட்டில் நண்பகல் சூரியன் நிற்பதோ தெற்கில். பிறகு ஏன் இந்தத் திசை?

வெளிச்சம் மேலிருந்து வரும் என்பதை நம் மூளை கேள்வியின்றி எடுத்துக்கொள்கிறது. மேற்புறம் வெளுத்துக் கீழ்ப்புறம் கறுத்திருந்தால் அது மேடு; மாறியிருந்தால் பள்ளம். வடக்கு மேலே உள்ள படத்துக்குத் தெற்கிலிருந்து ஒளியூட்டினால் பள்ளத்தாக்கு மலைமுகடாகிவிடும், அதன் உச்சியில் ஆறு ஓடும்! இமயமலையின் செயற்கைக்கோள் படங்கள் பலருக்கு இப்படித்தான் தெரிகின்றன. அவற்றில் பல, காலையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும்போது எடுக்கப்பட்டவை. படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், மலைகள் எழுந்து நிற்கும்.

1845 முதல் 1865 வரை வெளியான சுவிட்சர்லாந்தின் டூஃபூர் வரைபடம், நிழற்சரிவில் சாய்வைக் காட்டும் கோடுகளைத் தடிப்பாக்கியும் ஒளிச்சரிவில் மெலிதாக்கியும் இந்த வடமேற்கு ஒளியைக் காட்டியது. சூரிச்சில் பணியாற்றிய வரைபடவியலாளர் எடுவார்ட் இம்ஹோஃப் இதைக் கலையாகவே வளர்த்தார். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீளும் மலைத்தொடரில் இரு சரிவுகளும் ஒரே வெளிச்சம் பெற்றுத் தட்டையாகிவிடும். அங்கே மட்டும் ஒளியின் திசையைச் சற்றே திருப்பிக்கொண்டார். உயரத்தில் ஒளி, நிழல் வேறுபாட்டைக் கூர்மையாக்கி, தாழ்நிலங்களில் மங்கவிட்டார். என் பார்வையில் இப்படி ஒளியை மாற்றுவது பொய் அல்ல. நிலத்தைச் சரியாகப் படிக்க வைக்கும் நேர்மை. இன்றைய வரைபட மென்பொருள்கள் பலவும் நிழலிடும்போது தாமாகவே எடுத்துக்கொள்ளும் ஒளித்திசை 315 பாகை, அதே வடமேற்கு.