ரஞ்சன்குடிக் கோட்டையும் 1930-ம்



எதிரணி நண்பர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "சைபர் பாதுகாப்புன்னு டெல்லியில கொள்கை போட்டாங்களே, அதனால பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் என்ன வந்துச்சு?" நியாயமான கேள்விதான். பதிலைத்தான் அவர் பாதியில விட்டுட்டார்.

இங்கேயிருந்து சென்னை நெடுஞ்சாலையில வடக்கே போனா ரஞ்சன்குடிக் கோட்டை. அகழி, மதில், மதிலுக்குள்ளே மதில்! கணினிக்கும் அப்படித்தான் நாட்டில் கோட்டை கட்டினார்கள். 2004-இல் 'செர்ட்-இன்' என்ற அமைப்பு. கணினித் தாக்குதல் நடந்தால் ஓடிவரும் தீயணைப்புப் படை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூலையில் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை. மின்சாரம், வங்கி போன்ற உயிர்நாடித் துறைகளைக் காக்க 2014-இல் தனி மையம். 2020-இல் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத் திறப்பு.

குறை இல்லையா? இருக்கு. ஐந்தாண்டில் 5 லட்சம் வல்லுநர்கள் என்று 2013-இல் எழுதினார்கள். காகிதத்துல எழுதுறதுக்கு என்னங்க, மை மட்டும் போதும்! (சிரிப்பு) 2020-இல் வரைந்த புதிய உத்தி, ஆண்டுக்கணக்கில் வெளியே வரவே இல்லை.

2019-இல் கூடங்குளத்தில் நடந்தது தெரியும். நிர்வாகக் கணினி ஒன்றில் வேவு நிரல் புகுந்தது. முதல்நாள் மறுத்தார்கள், மறுநாள் ஒப்புக்கொண்டார்கள். ஆனா உலையை இயக்கும் கணினிகள் இணையத்தோட சேராம தனியா இருந்துச்சு. நாடு பிழைச்சது அந்த உள்மதிலால!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனியா சைபர் கிரைம் காவல் நிலையம் வந்திருக்கு. கூடவே 1930. 1930-னதும் எங்க தமிழாசிரியர் கூட்டம் 'ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்த ஆண்டு'ன்னு கிளம்பிடும். (சிரிப்பு) இது தொலைபேசி எண் ஐயா! 2021-இல் 155260 என்று தொடங்கி, பிறகு நான்கு இலக்கமானது.

சின்ன வெங்காயம் வித்த காசு கணக்குல இருக்கு. 'கிசான் பணம் வரணும்னா இந்தச் செயலியை இறக்குங்க'ன்னு வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு. தொட்டார், போச்சு! அந்தப் பணம் திருடன் வீட்டுக்கு நேரே போறதில்லைங்க. யாரோ வாடகைக்கு விட்ட ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு தாவும். 1930-க்குச் சொன்னதும் வங்கிக்கு வங்கி தகவல் பறக்கும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்குவார்கள். ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் முடக்க என்ன இருக்கு?

'அரண்' என்று 75-ஆம் அதிகாரம் வைத்த வள்ளுவர், ஒன்பது குறளில் கோட்டையின் பெருமை பேசிவிட்டுக் கடைசியில் போடுறார் பாருங்க: எத்தனை சிறப்பு இருந்தாலும், உள்ளே இருப்பவனிடம் செயல்திறன் இல்லையென்றால் அது அரணே இல்லை! (கைதட்டல்)

தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது செர்ட்-இன். நம்ம வீட்டு மனுஷன் என்ன செய்றார்? மூணு நாள் மூச்சு விடறதில்லை! ஏன்? திருடனுக்குப் பயந்தா? இல்லைங்க. 'படிச்ச மனுஷன்தானே, இப்படியா ஏமாறுவீங்க'ன்னு வீட்டுல கேப்பாங்களே, அதுக்குப் பயந்து! அந்த மூணு நாள்ல பணம் மூணு மாநிலம் சுத்திடும். டெல்லி கட்டின கோட்டையை நம்ம வீட்டுக் கேலி உடைக்குது, நடுவர் அவர்களே!

ஏமாந்தவரைத் திட்டுறதா இருந்தா நாளைக்குத் திட்டுங்க தாயே, தேதி குறிச்சு வச்சுத் திட்டுங்க. முதல் ஒரு மணி நேரம் போனை மட்டும் கையில குடுங்க. வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண், இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1930.

முன்வரிசைப் பாட்டி, எண்ணை எழுதிக்கிட்டீங்களா? தம்பி, அவங்களுக்கு ஒரு பேனா குடுப்பா.