ஊர் வானொலி யார் கையில்?

ரங்கத் பஜாரில் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், "நம் தீவிலும் ஒரு தமிழ் எஃப்.எம். வந்தால் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லார் முகமும் மலரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் அதன் உரிமையாளர் யாராக இருப்பார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 ஊர்களில் 730 தனியார் எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. அந்தப் பட்டியலில் போர்ட் பிளேருக்கு (அடுத்த மாதமே ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது) மூன்று அலைவரிசைகள் உண்டு.

வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகம் போய்த் தனியார் சிலரின் ஏகபோகம் வந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் அத்தீர்ப்பில் இருந்தது. பிறகு ஏலங்கள் தொடங்கின. தனியார் நிலையங்கள் ஊர் ஊராக முளைத்தன.

இவை ஏன் சிலர் கையிலேயே சேர்கின்றன? கணக்கு எளிது. ஓர் ஊரில் மட்டும் நிலையம் வைத்திருப்பவர் உரிமக் கட்டணம், கோபுர வாடகை, சம்பளம், பாட்டுக்கான உரிமைத் தொகை எல்லாவற்றையும் அந்த ஊர்க் கடைக்காரர்களின் விளம்பரத்தை வைத்தே கட்ட வேண்டும். பத்து ஊரில் வைத்திருப்பவரோ ஒரே நிகழ்ச்சியைப் பத்து இடத்திலும் ஒலிபரப்பலாம். சோப்பு, நகைக்கடை விளம்பரங்களைப் பத்து ஊருக்கும் சேர்த்து ஒரே விலை பேசி வாங்கலாம். நஷ்டத்தைத் தாங்க முடியாதவர் விலகுவார், தாங்கக்கூடியவர் வளர்வார். இதில் சதி ஒன்றும் இல்லை, வியாபாரம்தான்.

தமிழகத்தைப் பாருங்கள். சன் குழுமத்தின் சூரியன் எஃப்.எம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடி, சேலம், ஈரோடு, வேலூர் என்று பரவியிருக்கிறது. தினத்தந்தி குழுமத்தின் ஹலோ எஃப்.எம். பல நகரங்களில் உண்டு. இரண்டு குழுமங்களுக்கும் நாளிதழும் தொலைக்காட்சியும் சொந்தம். பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஒரே கையில் குவிவதற்கு வரம்பு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகவில்லை.

வானொலிக்கு மட்டும் ஒரு வரம்பு இருந்தது; 2022இல் அதுவும் நீக்கப்பட்டது. நாட்டிலுள்ள மொத்த அலைவரிசைகளில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஒருவர் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தியா முழுவதற்குமான கணக்கு அது. தமிழ் பேசும் நகரங்கள் அத்தனையிலும் ஒருவரே நிலையம் வைத்திருந்தாலும் அந்த 15ஐத் தொட வேண்டியிருக்கவில்லை.

நமக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். 2011இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கையின்படி, காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்கள், தீவுகள் ஆகியவற்றில் உள்ள அலைவரிசைகள் அந்த வரம்பு இருந்தபோதே 15 விழுக்காட்டுக் கணக்கில் சேரவில்லை. எட்டாத இடத்துக்கும் யாராவது வரட்டும் என்று கொடுத்த சலுகை அது. ஒரே ஊரின் அலைவரிசைகளை ஒருவரே வளைத்துக்கொள்ள முடியாது என்ற விதி இருப்பது ஆறுதல். ஆனாலும் பெரிய நிறுவனம் இங்கே ஒரு கோபுரம் நட்டு, வேறு நகரத்தில் தயாரித்ததையே அஞ்சல் செய்ய நம் தீவு வசதியான இடம். நிலையம் இங்கே இருக்கும், அறிவிப்பாளர் இருக்க மாட்டார்!

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? அமெரிக்காவில் வானொலி உரிமை வரம்பு 1996இல் தளர்த்தப்பட்டது. கிளியர் சேனல் என்ற நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கியது. வடக்கு டகோட்டாவில் மைனாட் என்ற சிற்றூரின் ஆறு வணிக நிலையங்களும் அதனுடையவை. 2002 ஜனவரி 18 பின்னிரவில் அங்கே சரக்கு ரயில் தடம்புரண்டு அமோனியா வாயு பரவியது. ஊரை எச்சரிக்கக் காவல்துறை வானொலியைத் தொலைபேசியில் அழைத்தது; எடுக்க ஆளில்லை. அவசர அறிவிப்புக் கருவியைப் போலீசார் சரியாக இயக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஒருவர் இறந்தார், பல நூறு பேர் பாதிக்கப்பட்டனர். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: எஃப்.எம். அலை நேர்கோட்டில் செல்வது. தலைநகரிலிருந்து சாலைவழி சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்கும் மலைக்கும் அப்பால் இருக்கும் ரங்கத்துக்கு அது வராது. நெடுந்தூரம் செல்லும் மத்திய அலையில்தான் ஆகாசவாணி நமக்குக் கேட்டு வந்தது. அதுவும் ஒரே உரிமையாளர்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் விளம்பரம் கிடைக்காத மொழிக்கும் நேரம் ஒதுக்கும் கடமை அதற்கு உண்டு.

ரங்கத்துக்கு ஏற்ற வழி சமுதாய வானொலி. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக நிலையம் தொடங்கியது. 2006 முதல் லாப நோக்கற்ற அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். பதிவாகி மூன்றாண்டு மக்கள் பணி செய்திருக்க வேண்டும். நூறு வாட் அலைபரப்பி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். ரங்கத் பஜார், நிம்புதலா, தசரத்பூர் வரை போதும். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியில்லை. ஆனால் வானிலை, இயற்கைச் சீற்றம், தேர்வு, மின்சாரம், தண்ணீர் பற்றிய அறிவிப்புகளுக்குத் தடையில்லை. மழை நாளில் கப்பல் புறப்படுமா என்று விசாரித்துக்கொண்டு ஜெட்டியில் காத்து நிற்பவர்களுக்குக் கேட்க வேண்டியதும் அதுதானே?