கொள்ளிடத்தின் மணற்கணக்கு

சென்ற வாரம் ஆஸ்பத்திரிக் கழிவுகளைப் பற்றி எழுதுகையில், சிகிச்சையில் நீக்கிய அவயவமும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில் தனித்து வைக்கப்பட்டு, 48 மணி நேரத்துக்குமேல் தேங்கவிடப்படாமல், ஒவ்வொரு பையும் பட்டைக்குறியீட்டோடு புறப்பட்டுச் சேருமிடம் வரையில் கணக்கில் தொடரப்பட வேண்டுமென்று 2016ஆம் ஆண்டு விதிகள் கூறுவதை விஸ்தாரமாகப் பார்த்தோம். அனுஷ்டானத்தில் குறைகள் இருக்கலாம். கணக்கு எங்கே ஆரம்பிக்க வேண்டுமென்பதில் அந்த விதிகளுக்குக் குழப்பமில்லை. பூமியைத் தோண்டி எடுக்கும் தொழில்களுக்கு, அவற்றிலும் ஆற்று மணலுக்கு, அந்தத் தெளிவு இன்னும் வந்தபாடில்லை. மணலை நாம் லாரியில் ஏறிய பிறகுதான் எண்ணத் தொடங்குகிறோம்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தென்கிளை பழைய பெயரைத் தானே வைத்துக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கமாகச் செல்ல, வைணவர்கள் வடதிருக்காவிரி என்று போற்றும் கொள்ளிடம் வடபுறமாக ஓட, இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அமைந்த தீவு கல்லணை வரை நீண்டு கிடக்கிறது என்பது திருச்சிக்காரர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய சமாசாரமன்று. சொல்ல வேண்டியது, இவ்விரு கிளைகளுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் மேடு பள்ள வழக்கு. கொள்ளிடம் சரிவு மிகுந்தது. அதன் படுகை தாழத் தாழப் பிரவாகமெல்லாம் அந்தப் பக்கமே சாயும். காவிரியின் தலைப்போ வண்டல் மேடிட்டுத் தூர்ந்து, தஞ்சைத் தரணி வறளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நேர்ந்தது அதுதான். அதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையை நிர்மாணித்தார். உபாயம் பலித்தது, சற்று அதிகமாகவே பலித்தது. காவிரியில் வெள்ளம் மிகுதியாகப் புகுந்து படுகையை அரிக்கத் தொடங்கவே, சில ஆண்டுகளுக்குள் காவிரித் தலைப்பிலும் ஓர் ஒழுங்குமுறை அணை கட்ட வேண்டியதாயிற்று. ஆழங்காண முடியாத மணலின்மேல் கட்டடத்தை நிறுத்தும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே கற்றதாகக் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிற்பாடு கோதாவரியில் அவர் பிரயோகித்ததும் அந்த வித்தையைத்தான்.

1934இல் மேட்டூர் அணை எழுந்தபோது, நீருக்கு மட்டுமின்றி மேலிருந்து உருண்டு வரும் மணலுக்கும் தடை ஏற்பட்டது. வரவு இப்படிக் குறைந்த நிலையில் செலவு பெருகிற்று. பாலைவனத்து மணல் காற்றில் உருண்டு வழவழப்பாகிவிடுவதால் கான்கிரீட்டுக்கு உதவுவதில்லை. ஆற்று மணல்தான் வேண்டும். உலகம் முழுதும் ஆண்டொன்றுக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் தோண்டப்படுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 அக்டோபரில் குத்தகைக்காரர்களிடமிருந்து மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டு பொதுப்பணித் துறையிடம் ஒப்படைத்தது. எடுப்பவர் மாறினாரேயன்றி, எடுக்கும் வேகம் குறைந்ததாக ஆற்றங்கரைவாசிகள் எவரும் சொல்லக் கேட்டதில்லை.

குவாரியிலிருந்து வரும் லாரியின் பின்னால் ஒரு தரமாவது சென்றவர்கள் கண்டிருப்பார்கள்: பின்கதவின் இடுக்கு வழியாக நீர் சொட்டிச் சொட்டி, தார்ச்சாலையில் நெடுந்தூரத்துக்கு ஒரு கருங்கோடு விழுந்துகொண்டே போகும். மணலின் பருக்கைகளுக்கு இடையே, அதன் கன அளவில் ஏறத்தாழக் கால் பங்கு, நீர் தங்கிப் பின்னர் ஊறி வெளிப்படக்கூடிய இடமாகும். வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. அப்படியானால் ஒவ்வொரு யூனிட்டோடும் சுமார் 700 லிட்டர் நீர் தங்கும் அறையும் ஆற்றைவிட்டுப் போய்விடுகிறது. திருச்சி நகரம் குடிப்பது காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இறக்கிய கிணறுகளின் நீரை. ராமநாதபுரத்துக்குப் போகும் கூட்டுக் குடிநீரும் இந்தப் பிரதேசத்திலிருந்தே புறப்படுகிறது. படுகை பள்ளமானால், மழைக்காலத்தில் கரைக்குள் நீரை ஊட்ட வேண்டிய ஆறு, கோடையில் கரையின் நீரையே உறிஞ்சிக்கொண்டு போகும் வடிகாலாக மாறிவிடும்.

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவில் வெள்ளம் திறந்துவிடப்பட்டபோது, ஸ்ரீரங்கத்தையும் வடகரையையும் இணைத்துக்கொண்டு 1928 முதல் நின்ற பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன. பக்கத்தில் புதுப் பாலம் 2016லேயே திறக்கப்பட்டு, பழையதில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது பெரும் பாக்கியம். அதே மாதம் 22ஆம் தேதி இரவு, மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அணையின் வயோதிகமே காரணம் என்றது அரசுத் தரப்பு. மணற்கொள்ளையே காரணம் என்றனர் விவசாயிகள். 180 ஆண்டுக் கட்டடத்துக்கு வயோதிகம் உண்டென்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும், மணலை நம்பி நிறுத்திய ஒரு கட்டடத்தைச் சுற்றியுள்ள படுகை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதென்ற விசாரணை இல்லாமல் வயதை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. அதைவிட அடிப்படையான ஆட்சேபம் ஒன்று உண்டு: கொள்ளிடத்தின் படுகையைத் தாழ்த்துவதென்பது, மேலணை எந்த ஆபத்தைத் தடுக்க எழுந்ததோ அதே ஆபத்தை அதன் காலடியிலேயே நம் கையால் மீண்டும் தோண்டி வைப்பதாகும்.

சட்டத்தில் பஞ்சமில்லை. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமென்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ஆணையிட்டது. அதன்பின் மத்திய அமைச்சகம் 2016லும் 2020லும் நெறிமுறைகள் வெளியிட்டது. பருவமழைக்கு முன்னும் பின்னும் படுகையின் மட்டத்தை அளந்து, ஆறு தானாகக் கொண்டுவந்து சேர்த்த மணல் எவ்வளவென்று கண்டு, அதற்கு உட்பட்டே எடுக்க வேண்டுமென்பது அவற்றின் சாராம்சம். என் அபிப்பிராயத்தில், நடைச்சீட்டையும் லாரி எண்ணையும் சோதிக்கும் பிரயாசையில் பாதியை இந்த அளவைக்குச் செலவிட்டால் போதும். அளந்த மட்டங்களைக் கரையோர ஊராட்சி அலுவலகச் சுவரில், விவசாயி படிக்கும்படி தமிழில் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது.

முக்கொம்பில் உடைந்த அணைக்குக் கீழே ரூ.387 கோடி மதிப்பில் 55 மதகுகளோடு புதிய கதவணை எழுந்திருக்கிறது. அதற்கும் ஆதாரம் அதே படுகைதான். ஆற்று மணலுக்கு மாற்றாக எம்-சாண்டை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள், நானும் செய்கிறேன். ஆனால் அது பாறையை உடைத்து அரைப்பது. ஆகவே அடுத்த வாரம் ஆற்றைவிட்டுக் கரையேறி, கல் குவாரிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.

(தொடரும்)