கொற்கை (தொடர்வண்டி வழி)

கொற்கை என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி ஆற்றுக்கு வடக்கே, ஏரல் நகருக்குக் கிழக்கே அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். சங்க காலத்தில் பாண்டியரின் தலைமைத் துறைமுகமாகவும் முத்துக்குளிப்பின் நடுவமாகவும் விளங்கிய இவ்வூர், இன்று கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் குளங்களுக்கும் நடுவே உள்ளது. கொற்கையில் தொடர்வண்டி நிலையம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதை வழியாக வந்து, ஆற்றைக் கடந்து இவ்வூரை அடையலாம். இத்துறைமுகத்தை வாழவைத்ததும் பின்னர் அதைக் கடலிலிருந்து பிரித்ததும் தாமிரபரணியே ஆகும். இருப்புப்பாதையும் அந்த ஆற்றின் போக்கை ஒட்டியே செல்கிறது.

இருப்புப்பாதை

திருநெல்வேலி - திருச்செந்தூர் இருப்புப்பாதை ஏறத்தாழ 61 கிலோமீட்டர் நீளமுடையது. 1923ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்ட இது, 2008ஆம் ஆண்டில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத்து, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் ஆகியன இப்பாதையில் உள்ள நிலையங்களுள் சில. சென்னைக்கும் திருச்செந்தூருக்கும் இடையே ஓடும் செந்தூர் விரைவுவண்டியும் இப்பாதையில் செல்கிறது.

இப்பாதை பாளையங்கோட்டையைக் கடந்தபின் ஆற்றின் தென்புறமாகவே செல்கிறது. திருவைகுண்டம் நகரம் ஆற்றின் வடகரையில் இருக்க, அதன் பெயரைத் தாங்கிய நிலையம் தென்கரையில் புதுக்குடியில் இருப்பதற்கு இதுவே காரணம். கொற்கையும் வடபுறத்தில் இருப்பதால், குரும்பூர் போன்ற நிலையங்களில் இறங்குவோர் சாலை வழியாக ஏரலுக்குச் சென்று, பாலத்தில் ஆற்றைக் கடந்து, அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டும். தூத்துக்குடி நிலையத்தில் இறங்குவோர் ஆற்றைக் கடக்காமலே சாலை வழியாகக் கொற்கையை அடையலாம்.

வழியில் உள்ள இடங்கள்

செய்துங்கநல்லூருக்கும் திருவைகுண்டத்துக்கும் இடையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. 114 ஏக்கர் பரப்புடைய இத்தாழிக்காட்டில் 1876இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் அலெக்சாந்தர் இரீயும் அகழாய்வு செய்தனர். முதுமக்கள் தாழிகளுடன் வெண்கலப் பொருட்களும் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் இங்குக் கிடைத்தன. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் இங்கு அகழாய்வு நடத்தியது. திருவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் நவதிருப்பதிகளைச் சேர்ந்தவை. ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரின் ஊராகும்.

கொற்கையில் காணத்தக்கவை

கோட்டையோ அரண்மனையோ கொற்கையில் இல்லை. கொற்கைக் குளம், வெற்றிவேலம்மன் கோயில், மிகப் பழைமையானதாக ஊரார் போற்றும் வன்னி மரம் ஆகியவை இங்குக் காணத்தக்கவை. அருகிலுள்ள அக்காசாலை என்னும் ஊரில் ஈசுவரமுடையார் கோயில் உள்ளது. அக்காசாலை என்பது நாணயம் அச்சிடும் இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். எனவே, பாண்டியரின் நாணயச்சாலை இங்கு இருந்திருக்கலாம் என்பர். பழைய ஊரின் எச்சங்களுள் பெரும்பகுதி வீடுகளுக்கும் வயல்களுக்கும் அடியில் உள்ளதால், பயணிகள் நேரில் காணக்கூடியவை குறைவே.

வரலாறு

அகநானூறு, ஐங்குறுநூறு, மதுரைக்காஞ்சி முதலிய சங்க நூல்கள் கொற்கையின் முத்துகளைக் குறிப்பிடுகின்றன. சிலப்பதிகாரத்தில் வெற்றிவேற் செழியன் கொற்கையில் இருந்து ஆண்டதாகக் கூறப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூலும், இரண்டாம் நூற்றாண்டினரான தாலமியின் நூலும் இதனைக் கொல்கி என்று குறிக்கின்றன. இங்கு முத்துக்குளிக்கும் பணியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று பெரிப்ளூசு கூறுகிறது. முத்தின் புகழுக்குப் பின்னால் இருந்த மனிதத் துயரை இச்செய்தி காட்டுகிறது.

1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கொற்கையில் நடத்திய அகழாய்வில் செங்கல் கட்டுமானம், உறைகிணறு, கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், அறுக்கப்பட்ட சங்குகள் முதலியன வெளிப்பட்டன. இங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 785 என அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அத்துறை மீண்டும் இங்கு அகழாய்வு மேற்கொண்டது.

கடல் விலகியமை

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, தான் கொண்டுவரும் வண்டலைக் கழிமுகத்தில் படியவிடுகிறது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல நிலம் கிழக்கு நோக்கி வளர்ந்தது. கப்பல்கள் கொற்கையை அடைய இயலாமல் போயின. வணிகம் கடலுக்கு அருகிலிருந்த காயலுக்கு மாறியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடும் துறைமுகம் இக்காயலே என்று கால்டுவெல் அடையாளம் கண்டார். காயலும் பின்னர் மணலால் தூர்ந்தது. ஆறு இன்று புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது.

முத்துக்குளிப்பும் கடல் வணிகமும் இறுதியில் தூத்துக்குடியில் நிலைபெற்றன. 1876இலேயே தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தது. கப்பல் நின்ற இடத்தைத் தேடியே தொடர்வண்டி சென்றது; கப்பல் விட்டுச்சென்ற கொற்கைக்கு அது வரவில்லை. தூத்துக்குடிப் பரதவர் வாழ்வைக் கூறும் ஜோ டி குரூசின் புதினம் "கொற்கை" என்ற பெயரைத் தாங்கியுள்ளது. இப்புதினம் 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது.

2023 வெள்ளம்

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் இப்பகுதியில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செய்துங்கநல்லூருக்கும் திருவைகுண்டத்துக்கும் இடையே தண்டவாளத்தின் அடியிலிருந்த சல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவுவண்டி திருவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அவர்களுள் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில் தங்கவைக்கப்பட்டனர். புதுக்குடி மக்கள் தம் ஊரும் வெள்ளத்தில் இருந்த நிலையிலும் சமைத்து உணவளித்தனர். எஞ்சியோர் திசம்பர் 19 அன்று மீட்கப்பட்டனர். 2024 சனவரியில் பாதை சீரமைக்கப்பட்டு வண்டிகள் மீண்டும் ஓடின.

பயணிகள் கவனத்திற்கு

வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர் முதல் திசம்பர் வரை இவ்வாற்றுச் சமவெளியில் வெள்ளம் ஏற்படக்கூடும். சனவரி முதல் மார்ச்சு வரையிலான மாதங்கள் பயணத்திற்கு ஏற்றவை. அகழாய்வுப் பொருட்களைக் காண விரும்புவோர் கொற்கையுடன் ஆதிச்சநல்லூரையும் சேர்த்துப் பார்ப்பது பயனுடையது. வயல்களில் காணப்படும் பானை ஓடுகளையும் சங்குத் துண்டுகளையும் எடுத்துச் செல்லலாகாது. அவை கிடந்த இடமே அவற்றின் காலத்தையும் பயன்பாட்டையும் அறிய உதவும் சான்றாகும்.