உஷார்! வலி நின்றால் கல்லடைப்பு நீங்கியதாக அர்த்தமில்லை

விலாவில் பிடித்து அடிவயிறு வரை இழுத்த வலி, ஊசி போட்டதும் அடங்கிவிட்டதா? ‘கல் கரைந்துவிட்டது’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டிவிடாதீர்கள்! அதில் ‘ஹைட்ரோயூரிட்டர்’ என்று இருந்தால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் விரிந்திருக்கிறது.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும், அகலமோ சில மி.மீ.தான். கல் வழியை மறித்தால், மேலே தேங்கும் சிறுநீர் முதலில் குழாயை விரிக்கும்; பிறகு சிறுநீரகத்தையே அழுத்தும். நாளடைவில் வலி குறையலாம். அடைப்பு அப்படியே இருக்கலாம். இன்னொரு சிறுநீரகம் ஈடுகட்டுவதால் சிறுநீர் வழக்கம்போலப் போகும், ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினும் சரியாகவே இருக்கலாம். முழு அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால், கெட்ட சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். வாழைத்தண்டுச் சாற்றை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், அடங்காத வாந்தி, சிறுநீர் அறவே நின்றுபோவது: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், இரவானாலும் சரி! அடைப்புக்கு மேலே கிருமி பெருகினால் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். அப்போது ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. சிறுநீர்க்குழாய்க்குள் ‘ஸ்டென்ட்’ என்ற மெல்லிய குழல் வைத்தோ, முதுகு வழியாகக் குழாய் செருகியோ தேங்கியதை வெளியேற்ற வேண்டும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாக வலப்பக்கம், குழாய் சற்று விரிவது இயல்பு. ஆனால் காய்ச்சலும் விலா வலியும் இயல்பல்ல. குழந்தைகளுக்கு 7 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் ‘மெகாயூரிட்டர்’ என்பார்கள். பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானே சரியாகிவிடும். அதற்காகக் கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது. சளி, இருமல் இல்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சலடித்தால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். ஆண் குழந்தைக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால் தாமதிக்கவே கூடாது.

கல் மட்டுமே காரணமல்ல. புராஸ்டேட் வீக்கம், கருப்பைவாய்ப் புற்றுநோய், கருப்பை அகற்றும்போது குழாயில் படும் காயம் ஆகியவையும் குழாயை விரிக்கும். ஆகவே டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள்: குழாய் ஏன் விரிந்தது? மறு ஸ்கேன் எப்போது? ஸ்டென்ட் வைத்திருந்தால், எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்? அந்தத் தேதியை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். உள்ளேயே மறந்துபோன ஸ்டென்ட்டின் மேல் கல் படிந்து, அதுவே அடுத்த அடைப்பாகிவிடும்!