கை படாமல் பாடிய வாத்தியம்

பேய்க் கதை ஏதோ சொல்லப் போகிறேன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். குளித்தலையில் ஒரு வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், ஐந்து பேர் முன்னிலையில் நடந்த சம்பவம் இது. மேஜைமேல் ஒரு மின்சார வாத்தியம். அதன் எதிரே நாற்காலியில் அதை இருபது வருஷத்துக்கு மேல் வாசித்தவர். அவருடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. வலது கை தூக்க முடியாத கை. வாத்தியமோ அவர் வாசித்த பாட்டை, அவர் வாசிக்கிற விதத்திலேயே பாடிக்கொண்டிருந்தது. கட்டை ஒன்றுகூட அசையவில்லை.

அவர் பெயர் வேண்டாம். திருச்சியில் எங்கள் தெருக்காரர். மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர், எல்லோருக்கும் 'மாஸ்டர்'. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று அவர் வாசிக்காத மேடை இல்லை. 1990களில் கடன் வாங்கி ஒரு ஜப்பான் தேசத்து சிந்தசைஸர் வாங்கினார். குழு கலைந்து, வருமானமும் குறைந்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன் அதைக் குளித்தலைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

விற்பதற்கு முதல் நாள் இரவு மகன் ஒரு காரியம் செய்தான். அப்பா வாசிப்பதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆசை. கடைத்தெருவில் ஒரு மிடி கேபிள் வாங்கி வந்தான். அதன் ஒரு முனை கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் செருகுவது, மறுமுனையில் ஐந்து ஊசி கொண்ட வட்டமான இரண்டு பிளக்குகள். அவற்றை வாத்தியத்தின் முதுகில் செருகி, பதிவு சாஃப்ட்வேரைத் திறந்தான். மாஸ்டர் ஏழு பாட்டு வாசித்தார். திரையில் சின்னச் சின்னக் கோடுகள் மழைபோல் விழுந்தன. திரும்பப் போட்டுப் பார்த்தான்; ஸ்பீக்கரில் அப்படியே கேட்டது. திருப்தியாகத் தூங்கப் போனார்கள். மறுநாள் வாத்தியம் வேனில் ஏறிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, வலது கை திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மகன் அந்தப் பதிவைத் திறந்தான். கோடுகள் ஓடின. சத்தம் மட்டும் வரவில்லை.

ஒலி அல்ல, உத்தரவு

அந்தப் பையன் என்னிடம் வந்து, "சார், எல்லாம் போச்சு" என்று நின்றதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஆகையால் போனது என்ன, போகாதது என்ன என்று பார்க்க உட்கார்ந்தோம்.

இதில் புதிதாக இறங்குகிற பலரும் விழுகிற பள்ளம் இதுதான். மிடி வயரில் சத்தம் போவதே இல்லை. 'இந்தக் கட்டையை அழுத்தினான். இவ்வளவு வேகமாக அழுத்தினான். இப்போது கையை எடுத்தான்' என்ற செய்தி மாத்திரமே போகிறது. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் புறப்படும். முதலாவது எண் 'ஸ்வரம் ஆரம்பம்' என்பதையும், பதினாறு சேனல்களில் எது என்பதையும் சொல்லும். இரண்டாவது, எந்தக் கட்டை என்பது. பியானோவின் நடு 'ஸி' கட்டைக்கு 60 என்று எண். மூன்றாவது, அழுத்திய வேகம். அது 127 வரை போகும். வினாடிக்கு 31,250 பிட் என்ற கணக்கில் இந்த மூன்று எண்களும் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். அதாவது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நாடகத்தில் வசனம் எழுதிய காகிதத்துக்கும் நடிகனின் குரலுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு கம்ப்யூட்டர் சேமித்தது காகிதத்தை. திரும்பப் போட்டபோது கேட்டதே என்றால், கம்ப்யூட்டர் அந்தக் காகிதத்தை இரண்டாவது பிளக் வழியாக வாத்தியத்துக்கே அனுப்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறது. பாடியது வாத்தியம். கம்ப்யூட்டர் பாடியதாகப் பையன் நினைத்தான். வாத்தியம் விலைபோன பிறகு, காகிதத்தைப் படிக்க நடிகன் இல்லை.

கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் பியானோ ஓசையில் போட்டுக் காட்டினோம். மாஸ்டர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "வாசிச்சது நான்தான். ஆனா இது என் சத்தம் இல்லே" என்றார். நியாயம்தான். புல்லாங்குழல் போன்ற ஓர் ஓசையை அவரே பல நாள் முயன்று அந்த வாத்தியத்தில் தயார் செய்து வைத்திருந்தார். அந்தப் பியானோவோ கமகத்தைக் கண்டால் மிரண்டது.

கடிகாரக் கடைக்காரரும் கலிபோர்னியாக்காரரும்

இந்த மிடி ஏற்பாடு வந்த வரலாறு சுவையானது. 1980ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கம்பெனியின் வாத்தியம் இன்னொரு கம்பெனியின் வாத்தியத்தோடு பேசாது. ஆளுக்கொரு பாஷை. ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை 1972இல் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி, இளமையில் கடிகாரம் ரிப்பேர் செய்து பிழைத்தவர். எல்லா வாத்தியங்களுக்கும் ஒரே பாஷை வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியை நடத்திய டேவ் ஸ்மித், 1981இல் அதற்கு ஒரு திட்டம் எழுதி ஒலிப் பொறியாளர் சங்கத்தில் வாசித்தார். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த வாத்திய வியாபாரக் கண்காட்சியில், ஸ்மித் கம்பெனியின் 'ப்ராஃபெட் 600' வாத்தியத்தையும் ரோலண்டின் 'ஜூபிடர் 6' வாத்தியத்தையும் ஒரு வயரால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடிற்று.

இதற்கு ராயல்டி கேட்கவில்லை என்பதுதான் விசேஷம். யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். போட்டிக் கம்பெனிகள் கைகுலுக்கிய அந்தக் காரியத்துக்காக இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ககேஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் காலமானார்கள். 1985இல் வந்த அடாரி எஸ்.டி. கம்ப்யூட்டரின் உடம்பிலேயே மிடி துளைகள் இருந்தபடியால், வீட்டில் இருந்து இசை அமைப்பவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். நம் பக்கத்தில் 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்காக இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கையாண்டது அந்தக் காலத்தில் பெரிய பேச்சாக இருந்தது. 2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வெளியிடப்பட்டது. ஆனாலும் 1983ஆம் ஆண்டு வாத்தியத்தை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். நாற்பது வருஷத்துக்கு முந்திய வேறு எந்தக் கம்ப்யூட்டர் சமாசாரத்தைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

குளித்தலைக்குப் பயணம்

காகிதம் நம்மிடம், நடிகன் குளித்தலையில். வாங்கியவருக்குப் போன் செய்தோம். நல்ல மனிதர். "மாஸ்டரையும் அழைச்சுக்கிட்டு வாங்க" என்றார். லாப்டாப், மிடி கேபிள், இரவல் வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, இரண்டு ஜாக் வயர் ஆகியவற்றோடு புறப்பட்டோம்.

எனக்கு உள்ளூர ஒரு பயம். பழைய சிந்தசைஸர்களில் நாம் தயார் செய்த ஓசைகளை நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறிய பட்டன் பேட்டரி. அது செத்துப்போனால் ஓசையும் போய்விடும். அல்லது அந்த வீட்டுப் பையன் அதன்மேல் வேறு ஓசையை எழுதியிருக்கலாம். மாஸ்டர் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. போனதும் கேட்ட முதல் கேள்வி, "யூஸர் முப்பத்தேழு இருக்கா?" என்பதுதான். அந்த வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். "இருக்கு மாஸ்டர். நல்லா இருந்துச்சு, அதனால தொடவே இல்லே" என்றான்.

இனி இணைப்பு வேலை. முதலில் சத்தமே இல்லை. கேபிளில் 'இன்' என்று எழுதிய பிளக்கை வாத்தியத்தின் 'இன்' துளையில் செருகியிருந்தான் எங்கள் பையன். 'இன்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் வருவது என்று அர்த்தம். அது வாத்தியத்தின் 'அவுட்' துளைக்குப் போக வேண்டும். அதற்கு நேர்மாறாக எழுதிய கேபிளும் கடையில் கிடைக்கிறது. சத்தம் வராவிட்டால் மாற்றிச் செருகிப் பார்ப்பதே சுருக்கு வழி. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

வீட்டுப் பையன் ஆசையாகக் கட்டைகளைத் தட்டிப் பார்த்தான். ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு தடவை, குகைக்குள் பாடினாற்போல் கேட்டது. கட்டையை அழுத்தியதும் வாத்தியம் தானாக ஒரு தடவை பாடுகிறது. அதே செய்தி கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை பாடச் சொல்கிறது. வாத்தியத்தில் 'லோக்கல் கன்ட்ரோல்' என்ற அமைப்பை நிறுத்திவிட்டால் கட்டைக்கும் ஓசைக்கும் உள்ள நேரடித் தொடர்பு அறுந்து, ஒன்றாகிவிடும். வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் போட மறக்கக் கூடாது. மறந்தால் வாத்தியம் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்!

பிறகு மாஸ்டரின் முதல் பாட்டை ஓட்டினோம். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாம் அடியில் ஒரு கமகம். வாத்தியம் நரி ஊளையிடுவதுபோல் ஊளையிட்டது. மாஸ்டர் முகம் வெளிறிவிட்டது.

விஷயம் இதுதான். நம் சங்கீதத்தின் வளைவுகளை மாஸ்டர் இடது கையால் 'பிட்ச் பெண்டு' சக்கரத்தை உருட்டி வாசிப்பார். சக்கரம் எவ்வளவு உருண்டது என்பதைத்தான் மிடி சொல்கிறது: 0 முதல் 16,383 வரை ஓர் எண். அவ்வளவு உருண்டால் ஸ்ருதி எவ்வளவு ஏற வேண்டும் என்பதை வாத்தியத்தின் அமைப்பு தீர்மானிக்கிறது. மாஸ்டர் வைத்திருந்தது வழக்கமான இரண்டு அரை ஸ்வரம். ஸட்ஜமத்திலிருந்து சதுச்ருதி ரிஷபம் மட்டும் போகும். வீட்டுப் பையன் விளையாட்டாகப் பன்னிரண்டு என்று மாற்றி வைத்திருந்தான். ஆகவே சிறு அசைவெல்லாம் ஆறு மடங்காகி, முழுச் சக்கரத்துக்கு ஒரு ஸ்தாயியே தாவிற்று. இரண்டு என்று திருப்பி வைத்தோம். கமகம் வந்து உட்கார்ந்தது.

அடுத்த தொல்லை 'ஹ்ம்ம்' என்ற உறுமல். வாத்தியத்தின் 'எல்', 'ஆர்' துளைகளிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு ஜாக் வயர் போட்டதும் அது ஆரம்பித்தது. மிடி வயரால் இந்தத் தொல்லை வராது. வாங்கும் முனையில் செய்தி வெளிச்சமாக மாறித் தாண்டுகிறபடியால், இரண்டு கருவிகளுக்கும் மின்சாரத் தொடர்பே கிடையாது. ஜாக் வயர் அப்படியல்ல. லாப்டாப் சார்ஜரும் வாத்தியமும் எர்த் வழியாக ஒரு வளையம் போட்டுக்கொண்டு, நம் ஊர்க் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஓசையைப் பாட்டில் கலந்துவிடுகின்றன. "எர்த் பின்னைப் பிடுங்கிட்டா நின்னுடும், எங்க குழுவிலே அப்படித்தான் செய்வாங்க" என்றார் வீட்டுக்காரர். உயிருக்கு ஆபத்தான வைத்தியம் இது. யாரும் செய்ய வேண்டாம். சார்ஜரைக் கழற்றி லாப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினோம். உறுமல் நின்றது. அப்படியும் நிற்காவிட்டால், டிரான்ஸ்பார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் ஒன்றை நடுவில் போட வேண்டும்.

திரையில் அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடாதபடி, உச்சத்துக்குப் பன்னிரண்டு டெசிபெல் கீழேயே இருக்கும்படி வைத்தோம். இனி நிஜமான பதிவு. நாலு நிமிஷப் பாட்டுக்கு நாலு நிமிஷம் காத்திருக்கத்தான் வேண்டும். வெளி வாத்தியத்தை வைத்துக்கொண்டு அவசரப்பட வழியில்லை.

மாஸ்டரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன காட்சி இதுதான். பாட்டு ஓடும்போது அவருடைய இடது கைவிரல் மட்டும் மடிமேல், இல்லாத சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மகன் மெல்லக் கேட்டான்: "அப்பா, சில இடத்திலே தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலே விழுது. குவான்டைஸ்னு ஒண்ணு இருக்கு. அழுத்தினா எல்லாம் சரியா கட்டத்திலே உட்கார்ந்துடும். செய்யட்டுமா?"

"அது பின்னாலே விழுறது இல்லேடா. நான் விழ வைக்கிறது" என்றார் மாஸ்டர்.

பையன் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான். என் அபிப்பிராயமும் அதுவே. அந்தப் பொத்தானால் எத்தனையோ நல்ல வாசிப்பு பாழாகியிருக்கிறது. ஆனால் ஐந்தாவது பாட்டில் மாஸ்டரே நிறுத்தச் சொன்னார். "அங்கே ஒரு கட்டை தப்பு. பக்கத்துக் கட்டையிலே விரல் பட்டிருக்கு. அதை எடுத்துடு" என்றார். திரையில் அந்த ஒரு கோட்டை மட்டும் தேடிப் பிடித்து நீக்கினோம். ஒலியாகப் பதிந்திருந்தால் இதைச் செய்வது மகா கஷ்டம். காகிதமாக இருந்ததன் லாபம் இது.

ஏழு பாட்டும் சேர்ந்து இருபத்தெட்டு நிமிஷம். வினாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு சேனல் என்ற கணக்கில் சுமார் 300 எம்.பி. ஆயிற்று. அதே ஏழு பாட்டின் மிடிக் கோப்பு ஒரு எம்.பி. கூட இல்லை. இரண்டையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தோம். கிளம்புமுன் வாத்தியத்தின் நினைவில் உள்ள ஓசைகள் முழுவதையும் அதே மிடி வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டோம். அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. பேட்டரி செத்தாலும் முப்பத்தேழாம் எண் பிழைக்கும்.

மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டுப் பையன் மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "மாஸ்டர், ரெண்டாம் அடியிலே அந்தச் சக்கரத்தை எப்படி உருட்டுறீங்க?" என்று கேட்டான். மாஸ்டர் இடது கையை எட்டி வாத்தியத்தின்மேல் வைத்தார். "நீ வலது கையாலே கட்டையை அழுத்து. இதை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

ஐந்தரை மணி பஸ்ஸை விட்டுவிட்டோம்.