விருந்தும் உரிமையும்: கல்முனைக் கந்தூரியை முன்வைத்துச் சில குறிப்புகள்

விருந்தோம்பலைத் தனிமனித நற்பண்பாக மட்டும் நோக்குவது நம்மிடையே நிலைபெற்ற வழக்கமாகும். ஆயின், உணவு யாருடைய உழைப்பால் விளைந்தது, விருந்தளிக்கும் உரிமை யாரிடம் உள்ளது ஆகிய வினாக்களை எழுப்பும்பொழுதே அதன் சமூக உள்ளடக்கம் புலனாகும். சமய நம்பிக்கையின் வெளிப்பாடாக அமையும் விருந்துக்கும் இது பொருந்தும்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் விருந்தோம்பலைக் குறிக்கும் சொல் 'அந்நியர்பால் அன்பு' எனப் பொருள்படுவது. எனினும், கொரிந்துச் சபையின் பொதுவுணவிலே இருப்போர் முந்தி உண்ண, இல்லாதோர் பசித்திருந்தனர். பவுல் அதனைக் கண்டித்தெழுதினார். இறைவனே விருந்தளிப்பவனாயின் பந்தி எவருக்கும் தனியுடைமையாகாது என்பதே அக்கண்டனத்தின் உட்பொருள் எனலாம். இலங்கைக் கத்தோலிக்க இறையியலாளரான திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1977 இல் வெளியிட்ட நூலொன்றில் நற்கருணையை மானிட விடுதலையோடு இணைத்து ஆராய்ந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய பொதுவிருந்தின் இஸ்லாமிய வடிவமொன்றை அம்பாறைக் கரையோரத்திலே காண்கிறோம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில், பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் சாகுல் ஹமீது வலியின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றப்படுகிறது. விழாவின் நிறைவில் கந்தூரிச் சோறு வழங்கப்படும். சீர்திருத்தவாதிகள் இவ்வழிபாட்டை ஏற்பதில்லை. ஆயினும், வலியின் பெயரால் வழங்கப்படும் சோற்றுக்கு முன்னே கொடுப்போன், கொள்வோன் என்ற வேறுபாடு ஒருகணமேனும் தளர்கிறது என்பதை மறுத்தல் இயலாது.

ஒருகணமே தளர்கிறது என்பதையும் அழுத்திக் கூறல் வேண்டும். இப்பிரதேசத்தின் நெல்வயல்களிலே போடியாருக்கும் அவரது வயலில் உழைப்போருக்கும் இடையிலிருந்த உறவைக் கந்தூரி மாற்றியமைக்கவில்லை. போடியாரின் தாராளம் அவரது செல்வாக்கையும் பெருக்கியது. வீட்டு விருந்தின் புகழ் குடும்பத் தலைவனைச் சேர, அடுப்படி உழைப்பு பெண்களுடையதாகவே இருந்தது.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கரை இது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்வூர்களை வேறுபாடின்றி அழித்தது. இலங்கையில் மிக அதிகமானோர் உயிரிழந்தது அம்பாறை மாவட்டத்திலேயே. அந்நாட்களில், அதற்கு முந்திய ஆண்டுகளின் இரத்தக்கறைகளையும் மீறி, இரு சமூகத்தாரும் ஒருவர்க்கொருவர் உணவும் உறைவிடமும் அளித்தனர். ஆனால், நிவாரணத்தை நிருவகிப்பதற்கென 2005 ஜூன் 24 அன்று அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில் முஸ்லிம்கள் கைச்சாத்திடும் தரப்பாக இடம்பெறவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது.

பேரிடரின்போது சோறு பகிர்ந்த மக்கள் முடிவெடுக்கும் இடத்திலே சமதரப்பாக அமர இயலாது போயிற்று. ஒரு சமூகம் தன்னை நிலத்தின் உரிமையாளராகவும் மற்றையதை விருந்தினராகவும் கருதும்வரை உபசரணை எத்துணைக் கனிவுடையதாயினும் சமத்துவமாகாது. விருந்தினர் எழுந்து செல்ல வேண்டியவர். அயலவரோ அங்கேயே வாழ்பவர். கொரிந்துப் பந்தியும் கல்முனைக் கந்தூரியும் எழுப்பும் வினா ஒன்றே: சோற்றைப் பகிர்வோர் வயலையும் அதிகாரத்தையும் பகிர ஆயத்தமா?